லிட்டரசி ஸ்பெஷலிஸ்ட் ஆக மேல்படிப்பு: சித்தூர் தாலுகாவில் இருந்துகொண்டு இது சரிப்படுமா?

கயல்_கொழிஞ்சாம்பாறை

எல்லாருக்கும் வணக்கம். சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியம் எல்.பி. (தொடக்கப் பள்ளி) பிரிவில் டெய்லி வேஜஸ் டீச்சராக இருக்கிறேன். டி.எல்.எட். (தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சி) முடித்தாயிற்று, பி.ஏ. தமிழும் முடித்தாயிற்று, கே-டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸ். பி.எஸ்.சி. (அரசுப் பணித் தேர்வாணையம்) லிஸ்ட்டுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

என் நாலாம் வகுப்பில் சில பிள்ளைகள் இருக்கிறார்கள். வாய்க்கணக்கில் கெட்டி. கதை சொன்னால் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். புத்தகத்தை விரித்தால் மட்டும் எழுத்து எழுத்தாகத் தடவுகிறார்கள். வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதலில் படித்தது மறந்துபோகிறது. எழுத்து தெரியாத பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியும். எழுத்து தெரிந்தும் படிக்க வராத பிள்ளையை என்ன செய்வது என்று டி.எல்.எட்.டில் யாரும் சொல்லித்தரவில்லை.

நியூஜெர்சியில் இருக்கும் சித்தி மகள் சொல்கிறாள், அங்கே இதற்கென்றே பள்ளியில் ஓர் ஆள் உண்டாம், லிட்டரசி ஸ்பெஷலிஸ்ட் என்று. அதற்கு மாஸ்டர்ஸ் படிக்க வேண்டுமாம். அந்தப் படிப்பு இங்கே எங்காவது இருக்கிறதா? அங்கே போய்ப் படித்தால் திரும்பி வந்து பயன்படுமா? அல்லது இப்போது இருக்கிற வேலையையே ஒழுங்காகப் பார் என்பீர்களா? எதுவானாலும் சொல்லுங்கள், வருத்தப்பட மாட்டேன்.

நகரி_தறி

சித்தூர் என்றதும் நம்ம ஜில்லா என்று ஆசையாக வந்தேன். நீங்கள் கேரளா சித்தூரா! பரவாயில்லை, இந்தச் சித்தூரிலும் அதே கதைதான். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் இங்கிலீஷ். 1960 ஏப்ரலில் திருத்தணியை அந்தப் பக்கம் கொடுத்து சத்தியவேட்டை இந்தப் பக்கம் வாங்கினார்கள். கோடு மாறியதே தவிர வீட்டில் பேசுகிற பேச்சு மாறவில்லை. பதில் தெரிந்தவர்கள் எழுதுங்கள், நானும் படிக்கிறேன். என் மனைவி இங்கே எஸ்.ஜி.டி., அதாவது தொடக்கப் பள்ளி டீச்சர்.

வேலந்தாவளம்_செல்வம்

தப்பாக நினைக்க வேண்டாம் டீச்சர். எங்கள் காலத்தில் ஒரே வாத்தியார், ஒரே சிலேட்டு. மணலில் விரல் தேய எழுதினோம், படிப்பு வந்தது. இப்போது படிக்கச் சொல்லித்தருவதற்கே தனியாக ஒரு ஸ்பெஷலிஸ்ட், அவருக்கு ஒரு மாஸ்டர்ஸ் டிகிரி என்றால், மற்ற டீச்சர்கள் என்னதான் செய்கிறார்கள்?

வடகரப்பதி_டு_டெக்ஸாஸ்

செல்வம் அண்ணா, உங்களோடு சிலேட்டு பிடித்தவர்களில் எத்தனை பேர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டினார்கள் என்று ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். படிப்பு வந்தவர்கள்தான் இப்போது ஃபோரத்தில் எழுதுகிறோம். வராதவர்கள் எழுத மாட்டார்கள் இல்லையா?

கயல், நான் வடகரப்பதிக்காரி. இப்போது டெக்ஸாஸில் ஒரு எலிமெண்டரி பள்ளியில் ரீடிங் ஸ்பெஷலிஸ்ட், உங்கள் சித்தி மகள் சொன்ன அதே வேலை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வாட்ஸப்பில் இதைப் பற்றி வருவதெல்லாம் அரைகுறை.

முதலில் ஒன்று. இது புதிதாக டீச்சர் ஆக நினைப்பவருக்கான படிப்பு இல்லை, ஏற்கெனவே டீச்சராக இருப்பவருக்கான படிப்பு. டெக்ஸாஸில் ரீடிங் ஸ்பெஷலிஸ்ட் சான்றிதழ் வாங்க, வகுப்பு எடுக்கும் ஆசிரியர் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், இரண்டு வருட வகுப்பறை அனுபவம் வேண்டும், மாஸ்டர்ஸ் வேண்டும், அதற்கு மேல் மாநிலம் வைக்கும் தேர்வும் எழுத வேண்டும். மற்ற மாநிலங்களில் விவரங்கள் மாறும், ஆனாலும் பெரும்பாலான இடங்களில் வரிசை இதுதான். ஊரிலிருந்து நேராக இந்த மாஸ்டர்ஸில் சேர்ந்தால் டிகிரி கிடைக்கும். பள்ளியில் வேலை பார்க்கும் உரிமை தனி.

அப்புறம், ஸ்பெஷலிஸ்ட் என்ற பெயரில் மூன்று வேலைகளைப் போட்டுக் குழப்புவார்கள். இன்டர்நேஷனல் லிட்டரசி அசோசியேஷன் என்ற அமைப்பு 2017-இல் வெளியிட்ட தர விதிகளில் இதைப் பிரித்து வைத்திருக்கிறது. படிக்கத் திணறும் பிள்ளைகளோடு சின்னக் குழுவாக உட்காருபவர் ஸ்பெஷலிஸ்ட். டீச்சர்களோடு உட்காருபவர் கோச். மாவட்டத்துக்கோ பள்ளிக்கோ முழுத் திட்டத்தையும் பார்ப்பவர் கோஆர்டினேட்டர். நான் முதல் வகை, கோச் வேலையும் தலையில் விழும்.

என்ன படித்தேன் என்றால்: பேச்சொலிகள் காதில் எப்படிப் பிரிகின்றன, ஒலி எழுத்தோடு எப்படிச் சேர்கிறது, சரளம், சொல்வளம், புரிதல். 2000-இல் அமெரிக்காவில் நேஷனல் ரீடிங் பேனல் அறிக்கை வந்ததிலிருந்து இந்த ஐந்தும் எல்லா சிலபஸிலும் உண்டு. இவற்றோடு மதிப்பீடு, வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள், குழந்தைகளுக்கான புத்தகங்கள். கடைசியில் பிராக்டிகம். ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து நாம் சொல்லித்தர, பின்னால் பேராசிரியர் உட்கார்ந்து நம்மைப் பார்ப்பார். உண்மையாகச் சொல்கிறேன், மற்ற பேப்பர்களைப் புத்தகம் வாங்கி வீட்டிலேயே படித்துவிடலாம். பிராக்டிகத்தை அப்படிப் படிக்க முடியாது. எந்தக் கோர்ஸ் பார்த்தாலும் முதலில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, இந்தத் துறைக்குள்ளேயே பெரிய சண்டை நடக்கிறது. படத்தைப் பார்த்து, முதல் எழுத்தைப் பார்த்து, வார்த்தையை ஊகிக்கச் சொல்லிக்கொடுத்த ஒரு முறை பல வருடங்கள் ஓடியது. இப்போது பல மாநிலங்கள் அதைத் தள்ளிவிட்டு, ஒலியையும் எழுத்தையும் முறையாகக் கற்பிக்கச் சட்டம் போடுகின்றன. டெக்ஸாஸில் 2019-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு மூன்றாம் வகுப்பு வரை எடுக்கும் டீச்சர்கள் எல்லாரும் ரீடிங் அகாடமி பயிற்சி முடித்தாக வேண்டும். ஆகவே கல்லூரியின் பெயரைப் பார்த்து மயங்காமல் சிலபஸை வாங்கிப் படியுங்கள். சில இடங்களில் இன்னமும் பழைய சரக்குதான்.

உங்களுக்கு முக்கியமான விஷயம் இது. இங்கே படிப்பதில் பெரும்பகுதி ஆங்கில எழுத்துக்கூட்டலோடு மல்லுக்கட்டுவது. த்ரூ, தோ, டஃப் மூன்றிலும் கடைசியில் அதே நாலு எழுத்து, மூன்று உச்சரிப்பு. தமிழுக்கு அந்த நோய் இல்லை. தமிழுக்கு வேறு நோய்கள், அவற்றை இங்கே யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

கன்னிமலை_லயம்

மூணாறிலிருந்து எழுதுகிறேன். அக்கா சொன்னது சரி, ஆனால் எங்கள் எஸ்டேட்டில் பிரச்சினை தலைகீழ். பக்கத்தில் இருப்பது மலையாளம் மீடியம் என்று பிள்ளையை அங்கே சேர்க்கிறார்கள். லயத்தில் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) பேசுவது முழுக்கத் தமிழ். மூன்றாம் வகுப்பில் அந்தப் பிள்ளை மலையாளப் பாடத்தைத் தங்குதடையில்லாமல் வாசிக்கிறது. அப்பா அம்மாவுக்குப் பெருமை, டீச்சருக்கும் திருப்தி. என்ன படித்தாய் என்று கேளுங்கள், முழிக்கும். கேள்வியில் இருக்கும் வார்த்தை பாடத்தில் எந்த வரியில் வருகிறதோ அந்த வரியை அப்படியே பதிலாக எழுதிவிடும். மார்க்கும் விழுந்துவிடும். இதற்கு எந்த ஸ்பெஷலிஸ்ட் வந்து என்ன செய்வார்? அந்தப் பிள்ளைக்குத் தேவை மலையாளம் பேசக் கற்றுக்கொடுப்பது, அல்லது தமிழ் மீடியத்தில் போடுவது. படிக்கக் கற்றுக்கொடுப்பது அல்ல.

வடகரப்பதி_டு_டெக்ஸாஸ்

தம்பி, நீங்கள் சொன்னதுதான் இந்தப் படிப்பின் முதல் பாடமே. கஃப், டன்மர் என்று இரண்டு ஆய்வாளர்கள் 1986-இல் ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். எழுத்தை ஒலியாக மாற்றும் திறன், அந்த மொழியைக் கேட்டால் புரியும் திறன், இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்யம்.

உங்கள் எஸ்டேட் பிள்ளைக்கு முதலாவது நிறைய, இரண்டாவது பூஜ்யம். கயலின் நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாவது நிறைய, முதலாவதில் ஓட்டை. பரீட்சைத் தாளில் இரண்டு பேருமே "வாசிப்பில் பின்தங்கியவர்" என்ற ஒரே பட்டியலில் வருவார்கள், இரண்டு பேருக்கும் ஒரே பயிற்சித் தாளைக் கொடுப்பார்கள். யாருக்கு எது குறை என்று பிரித்துப் பார்க்க ஒருவர் வேண்டாமா? பேச்சுமொழியை வளர்ப்பதும் ஸ்பெஷலிஸ்ட் வேலையில் பாதி. நான் இங்கே ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளோடு அதைத்தான் செய்கிறேன்.

கன்னிமலை_லயம்

பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும், சரி. பிரித்த பிறகு? மீடியம் மாற்றுவது அந்த ஸ்பெஷலிஸ்ட் கையில் இல்லையே. தமிழ் டிவிஷன் நடத்தப் பிள்ளைகளின் எண்ணிக்கை வேண்டும், போஸ்ட் வேண்டும், எங்கிருந்தோ மலையேறி வந்து தங்க ஒரு டீச்சர் வேண்டும். அரசியல் சாசனத்தில் 350ஏ இருக்கிறது, தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று 1956-லிருந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அது லயம் வரைக்கும் ஏறி வர வேண்டும்.

ஓய்வு_மாஷ்

மீடியம் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள் மக்களே. கயல் கேட்டதற்கு நான் பிழைப்பு வழியைச் சொல்கிறேன்.

மோளே, கேரளா அரசுப் பள்ளியில் லிட்டரசி ஸ்பெஷலிஸ்ட் என்று ஒரு போஸ்ட் கிடையாது. எல்.பி.எஸ்.டி., யு.பி.எஸ்.டி., எச்.எஸ்.டி. (லோயர் பிரைமரி, அப்பர் பிரைமரி, ஹைஸ்கூல் டீச்சர்), இவைதான். மாஸ்டர்ஸ் படித்து வந்தாலும் பி.எஸ்.சி. உன்னை டி.எல்.எட்.காரியாகத்தான் பார்க்கும். அதனால் முதலில் லிஸ்ட்டில் ஏறு. எல்.பி.எஸ்.டி.க்குப் பொதுப் பிரிவில் 40 வயது, ஓ.பி.சி.க்கு மூன்று வருடம் தளர்வு. ரேங்க் லிஸ்ட்டின் ஆயுள் அதிகபட்சம் மூன்று வருடம். தமிழ் மீடியத்துக்கு நோட்டிபிகேஷன் நினைத்தபோதெல்லாம் வராது. இரண்டு வருடம் வெளியூரில் படித்துக்கொண்டிருக்கும்போது அது வந்து போய்விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் சொல்லத் தெரியாது.

வேலை ரெகுலர் ஆன பிறகு படிக்க வழி உண்டு. கே.எஸ்.ஆர். (கேரளா சர்வீஸ் ரூல்ஸ்) அப்பெண்டிக்ஸ் 12பி, படிப்புக்கான சம்பளமில்லா விடுப்பு. 12ஏ வெளிநாட்டு வேலைக்கு, 12சி கணவன் மனைவியோடு சேர்ந்து இருக்க. ஆபீஸில் கேட்கும்போது எழுத்தைச் சரியாகச் சொல், இல்லாவிட்டால் ஃபைல் வேறு மேஜைக்குப் போய்விடும். சம்பளம் வராது, ஆனால் வேலை இருக்கும்.

பி.ஆர்.சி_ரிசோர்ஸ்

மாஷ் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் ஸ்பெஷல் எஜுகேட்டர், சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒப்பந்த வேலை. ஒரு வாரத்தில் பல பள்ளிகளுக்குப் போகிறேன்.

பிள்ளை படிக்கவில்லை என்றால் பள்ளியில் முதலில் கூப்பிடுவது என்னைத்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று, டிஸ்லெக்சியா அதில் வரும். அந்தப் பிள்ளைக்குச் சான்றிதழ், தேர்வில் கூடுதல் நேரம், எழுதித்தர ஆள் எல்லாம் கிடைக்கும். ஆனால் என்னிடம் அனுப்பப்படும் பிள்ளைகளில் பலருக்கு எந்தக் குறைபாடும் இல்லை. அவர்களுக்கு யாரும் முறையாகச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். இடையில் பள்ளி மாறியிருப்பார்கள், மீடியம் மாறியிருப்பார்கள், அறுவடைக்கு அப்பா அம்மாவோடு போய் ஒரு பருவம் முழுக்க வராமல் இருந்திருப்பார்கள். அவர்கள் மேல் குறைபாடு என்ற சீட்டை ஒட்டுவது பாவம். ஒட்டாவிட்டால் தனியாகக் கவனிக்கப் பள்ளியில் ஆளில்லை. கயல் கேட்கும் அந்த ஆள் நிற்க வேண்டிய இடம் இதுதான்.

வேலை என்று பார்த்தால் இந்தியாவில் இதற்கு மிக அருகில் வருவது ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகரித்த பி.எட். ஸ்பெஷல் எஜுகேஷன். உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தொடக்க வகுப்புகளில் பத்து மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்பெஷல் எஜுகேட்டர், அதற்கு மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று சொல்லியிருக்கிறது. போஸ்ட் அந்த வேகத்தில் வரவில்லை, ஆனாலும் திசை அதுதான். பக்கத்தில் வேண்டுமென்றால் கோயம்புத்தூர் பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா நிறுவனம், அவினாசிலிங்கம் இரண்டிலும் சிறப்புக் கல்வி உண்டு. பிரிவைப் பார்த்துச் சேருங்கள். பார்வை, செவித்திறன், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு எல்லாம் தனித்தனிப் பிரிவுகள். கற்றல் குறைபாடு என்று நினைத்துக்கொண்டு வேறு பிரிவில் சேர்ந்துவிட்டு முழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சர்ஜாபூர்_பழசு

கற்றல் குறைபாட்டுக்குச் சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்துகிறது. டிகிரி இல்லை, ஆனால் கைக்கு வேலை கிடைக்கும்.

டிகிரி என்றால் நான் படித்தது பெங்களூர் அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில், எம்.ஏ. எஜுகேஷன், இரண்டு வருடம். நுழைவுத் தேர்வு, இன்டர்வியூ. குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை கொடுக்கிறார்கள், பலருக்கு அதுதான் கைகொடுக்கிறது. வகுப்பு இங்கிலீஷில். முதல் செமஸ்டரில் நிறைய வாசிக்க வேண்டியிருக்கும், தமிழ் மீடியத்திலிருந்து போனால் மூச்சு முட்டும், ஆனால் பழகிவிடும். வீட்டிலிருந்தே வேண்டுமென்றால் இக்னோவில் எம்.ஏ. எஜுகேஷன் இருக்கிறது. அது பொதுவான கல்வியியல். வாசிப்புக்கென்று தனியாக எதிர்பார்க்காதீர்கள், பிள்ளையோடு உட்கார வைக்கவும் மாட்டார்கள்.

படிப்பைவிட ஆய்வுகளைச் சொல்ல ஆசை. டெக்ஸாஸ் அக்கா சொன்ன "தமிழுக்கான நோய்" பற்றி நேரடியாக இல்லாவிட்டாலும் பக்கத்து மொழிகளில் வேலை நடந்திருக்கிறது. சோனாலி நாக் 2007-இல் கன்னடப் பிள்ளைகளைப் பற்றி எழுதினார். ஆங்கிலத்தில் 26 எழுத்து, சீக்கிரம் முடிந்துவிடும். கன்னடத்தில் உயிர்மெய் வரிசை நீளம். பிள்ளைகள் எழுத்தையே நாலாம் வகுப்பு வரை கற்றுக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே இரண்டாம் வகுப்பில் சில உயிர்மெய்கள் தடுமாறினால் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் முதல் வகுப்பிலேயே எல்லாம் முடிந்தது என்று நிறுத்துவது தவறு. அப்புறம் ஷைலஜா மேனன் குழு கர்நாடகத்து யாத்கிரிலும் மகாராஷ்டிரத்து வாடாவிலும் பிள்ளைகளை முதல் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை பின்தொடர்ந்தது. அறிக்கை இணையத்தில் இலவசம். நம்ம வகுப்பறை மாதிரியே இருக்கும், படித்துவிட்டு அதற்கப்புறம் எந்த டிகிரி என்று யோசியுங்கள்.

வேலந்தாவளம்_செல்வம்

சரி, ஒத்துக்கொள்கிறேன், எல்லா வாத்தியாருக்கும் எல்லாம் தெரியாது. ஆனால் தமிழ்நாட்டில்தான் எண்ணும் எழுத்தும் என்று 2022-லிருந்து நடத்துகிறார்களே. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து. செக்போஸ்ட்டைத் தாண்டினால் என் அக்கா பையன் அதில்தான் படித்தான். அதை எடுத்துவந்து இங்கே போட்டால் போதாதா? டீச்சர் எதற்கு பெங்களூர் போக வேண்டும்?

கயல்_கொழிஞ்சாம்பாறை

செல்வம் அண்ணா, அந்தப் பயிற்சி நூல்களைப் பார்த்திருக்கிறேன், நன்றாக இருக்கின்றன. சிலதை எடுத்துப் பயன்படுத்தவும் செய்கிறேன். ஆனால் எங்கள் பாடப்புத்தகம் கேரளா எஸ்.சி.இ.ஆர்.டி.யுடையது, வரிசை வேறு. அதைவிட, எங்கள் பிள்ளை தமிழ் எழுத்து மட்டும் படிப்பதில்லை. தமிழ், மலையாளம், இங்கிலீஷ், ஐந்தில் ஹிந்தி. பத்து வயதுக்குள் நாலு எழுத்துமுறை. உடுமலைப்பேட்டைப் பிள்ளைக்கு இந்தச் சுமை இல்லை.

அக்கா, நீங்கள் சொன்ன பிறகு ஒரு வேலை செய்தேன். மேரி கிளே என்பவரின் ரன்னிங் ரெக்கார்டு முறையை இணையத்தில் படித்து, பிள்ளைகள் வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் டிக் போட்டு, தடுமாறியதை அப்படியே எழுதிக்கொண்டேன். நூறு சொல்லில் தொண்ணூறுக்குக் கீழே போனால் அந்தப் பாடம் அந்தப் பிள்ளைக்குக் கஷ்டம் என்று கணக்கு. கிடைத்ததைச் சொல்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

கொம்பு வரும் எழுத்துகளில் அதிகத் தடுமாற்றம். கெ, கே, கை மூன்றிலும் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ என்றால் இரண்டு பக்கமும். பிள்ளை கண்ணில் முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வர வேண்டியது க். இரண்டாவது, க, ச, ட, த, ப. மலையாளத்தில் க-வுக்கு நாலு எழுத்து தனித்தனியாக இருக்கிறது. தமிழில் கடல், தங்கம், அகலம் மூன்றுக்கும் ஒரே க. மலையாளத்தில் நன்றாக வாசிக்கும் பையன் ஒருவன் "தங்கம்" என்பதில் நின்று, "டீச்சர், இங்கே எந்த க?" என்று கேட்டான். பெரியவர்களுக்குத் தோன்றாத கேள்வி. மூன்றாவது, நீளமான சொற்கள். "விளையாடிக்கொண்டிருந்தார்கள்" வந்தால் நல்ல வாசகனும் நடுவில் மூச்சு வாங்குகிறான்.

ஒரே ஒரு இடத்தில் எனக்குக் குழப்பம். புத்தகத்தில் "இருக்கிறது" என்று இருப்பதைப் பாதிப் பேர் "இருக்குது" என்று வாசிக்கிறார்கள். இதைத் தவறு என்று குறிப்பதா?

நகரி_தறி

டீச்சர், அந்தக் கொம்பு விஷயத்தை என் மனைவியிடம் காட்டினேன். தெலுங்கில் எ, ஏ குறி எழுத்தின் தலைமேல் உட்காரும். எங்கள் பிள்ளைகள் தெலுங்கில் அதைச் சரியாக வாசித்துவிட்டு, தமிழில் கொம்பைக் கண்டதும் திணறுகிறார்கள் என்று அவள் சொன்னாள். இத்தனை நாள் கவனக்குறைவு என்று திட்டிக்கொண்டிருந்தாளாம். உங்கள் பக்கம் மலையாளத்திலும் கொம்பு முன்னால்தானே வரும்? அப்படியானால் உங்கள் பிள்ளைகள் ஏன் தடுமாற வேண்டும்?

கயல்_கொழிஞ்சாம்பாறை

வரும். மலையாளத்திலும் இதே தடுமாற்றம்தான் இருக்கிறது என்று மலையாளம் எடுக்கும் டீச்சர் சொல்கிறார். இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றில் சரிசெய்தால் மற்றதிலும் சரியாகலாம். அடுத்த வாரம் அவரும் நானும் ஒரே பிள்ளைகளை வைத்துப் பார்க்கப்போகிறோம்.

வடகரப்பதி_டு_டெக்ஸாஸ்

கயல், இதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். மாஸ்டர்ஸில் பிராக்டிகம் ரிப்போர்ட் என்று நாங்கள் எழுதியது இதைத்தான், இதைவிட மோசமாக.

"இருக்குது" தவறு இல்லை. அந்தப் பிள்ளை அர்த்தத்தைப் பிடித்து, தன் வாய்ப்பேச்சில் திருப்பிச் சொல்கிறது. எழுத்தைத் தடவும் பிள்ளையால் அப்படி மாற்ற முடியாது. தனி நிறத்தில் குறித்து வையுங்கள், தவறுக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஐந்தாம் வகுப்புக்குப் போகும்போது எழுத்துத் தமிழின் வடிவங்களைத் தனியாகக் காட்டினால் போதும். இது தமிழுக்கே உள்ள விஷயம், என் பேராசிரியரிடம் கேட்டால் அவருக்கு விளக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆகும்.

நீளச் சொல் விஷயம் இன்னும் பெரிது. இங்கே சரளத்தை நிமிஷத்துக்கு இத்தனை சொல் என்று அளக்கிறார்கள். ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லாக வருவது தமிழில் ஒரே சொல். ஆங்கில அட்டவணையை எடுத்துவந்து தமிழ்ப் பிள்ளை மேல் வைத்தால் எல்லாப் பிள்ளையும் பின்தங்கியதாகத்தான் தெரியும். தொண்ணூறு சதவீதக் கணக்கையும் அதே ஜாக்கிரதையோடு பாருங்கள். ஒரு சொல்லில் ஒரு விகுதி தப்பினாலும் முழுச் சொல் போய்விடுகிறது.

அமெரிக்கா வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில்: வேண்டாம், இப்போதைக்கு. மாணவர் விசாவுக்கு நேரில் முழுநேரமாகப் படிக்க வேண்டும், அந்தச் செலவுக்குக் கடன் வாங்கினால் கடனை அடைக்க அங்கேயே இருக்க வேண்டிவரும், அப்போது கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைக்கு நீங்கள் இல்லை. ஆன்லைனில் எடுக்கும் வெளிநாட்டு டிகிரிக்கு ஊரில் சமநிலை வாங்குவது தனித் தலைவலி.

ஓய்வு_மாஷ்

அப்படியானால் வரிசை இதுதான் மோளே. பி.எஸ்.சி.யை விடாதே. லிஸ்ட் வரும்வரை இந்தக் குறிப்புகளைத் தேதி போட்டு எழுதிவை. பெங்களூர் இன்டர்வியூவுக்குப் போனாலும், ஆனக்கரை டயட்டில் (மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம்) தமிழ்ப் பயிற்சிக்கு ஆள் தேடினாலும், அந்த நோட்டுதான் பேசும். டெய்லி வேஜஸில் இருக்கும்போது ஹெட்மாஷிடமிருந்து அனுபவச் சான்றிதழை வருஷா வருஷம் வாங்கிவிடு, ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அதிகாரி) ஒப்பும் இருக்கட்டும். பிறகு கேட்டால் ஹெட்மாஷ் மாறிப்போயிருப்பார்.

கன்னிமலை_லயம்

மாஷ் சொல்வது டீச்சருக்குச் சரி. ஆனால் எல்லாரும் வேலை கிடைத்த பிறகு படிக்கலாம், படித்த பிறகு செய்யலாம் என்று சொன்னால் இப்போது மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அதற்குள் எட்டாம் வகுப்புக்குப் போய்விடும். கயல் டீச்சர், அந்தக் குறிக்கும் முறையை ஒரு பக்கமாக எழுதிப் போடுங்கள். எங்கள் லயத்தில் சாயந்தரம் டியூஷன் எடுக்கும் பிள்ளைகளிடம் கொடுக்கிறேன். நான் இன்னும் மீடியம்தான் பிரச்சினை என்கிறேன், அது வேறு.

கயல்_கொழிஞ்சாம்பாறை

ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன் அண்ணா. மலையாளப் பாடத்துக்குப் பயன்படுத்தும்போது கடைசியில் ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள்: படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் முக்கியமான கட்டம்.

நான் முடிவு செய்தது: பி.எஸ்.சி. எழுதுகிறேன். பெங்களூருக்கும் இந்த வருடம் விண்ணப்பிக்கிறேன், உதவித்தொகை முழுதாகக் கிடைத்தால் யோசிப்பேன், இல்லாவிட்டால் 12பி வரை பொறுப்பேன். வீட்டில் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

புது_உறுப்பினர்_குப்பம்

இப்போதுதான் முழு இழையையும் படித்தேன். நான் பி.காம்., குப்பத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆபீஸ் வேலை. எனக்கும் இதில் ஆர்வம். எம்.ஏ. எஜுகேஷன் சேர பி.எட். கட்டாயமா?

சர்ஜாபூர்_பழசு

இல்லை, எந்த டிகிரியும் போதும், பி.காம். செல்லும். ஆனால் எம்.ஏ. முடித்தால் மட்டும் அரசுப் பள்ளியில் வகுப்பு எடுக்க முடியாது, அதற்கு டி.எல்.எட். அல்லது பி.எட்., டெட் எல்லாம் தனியாக வேண்டும். வகுப்பறைதான் ஆசை என்றால் முதலில் அதை முடியுங்கள். தொண்டு நிறுவனம், பயிற்சி, பாடநூல் வேலை என்றால் நேராக எம்.ஏ. போகலாம். குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அங்கே மொழித் துறைகளிலும் ஒரு தடவை போய் விசாரியுங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வாசிக்கத் தெரியுமென்றால் விண்ணப்பத்தில் அதை மேலே எழுதுங்கள்.